ஆன்கா ரிப்போர்ட்: ஸ்லைடை நம்புவதா, எலைசாவை நம்புவதா?

ஒரே ரத்தம், ஒரே லேப், ஒரே நாள். ரிப்போர்ட்டின் முதல் வரியில் "பி-ஆன்கா பாசிட்டிவ்". அடுத்த வரியில் "பிஆர்3 நெகட்டிவ், எம்பிஓ நெகட்டிவ்". இதைக் கையில் வைத்துக்கொண்டு "அப்போ எனக்கு வாஸ்குலைட்டிஸ் (ரத்தக் குழாய் அழற்சி) இருக்கா, இல்லையா?" என்று குழம்பாதவர் யார்? லேப்தான் ஏதோ சொதப்பிவிட்டது என்று தோன்றும். பெரும்பாலும் அப்படி இல்லை. அந்த இரண்டு வரிகளும் இரண்டு வேறு பரிசோதனைகள். இரண்டும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்வதில்லை.

நம் ரத்தத்தில் கிருமிகளோடு சண்டை போடும் வெள்ளை அணுக்களில் நியூட்ரோஃபில் ஒரு வகை. அதற்குள் இருக்கும் பிஆர்3, எம்பிஓ போன்ற புரதங்களுக்கு எதிராக உடம்பே ஆன்டிபாடி தயாரித்துவிட்டால் அதன் பெயர் ஆன்கா. அது ஒட்டிக்கொண்ட நியூட்ரோஃபில் வெறி பிடித்ததுபோல் சிறிய ரத்தக் குழாய்களின் சுவரைத் தாக்கும். சிறுநீரகம், நுரையீரல், மூக்கு, நரம்பு என்று பல இடங்களில் அடி விழும்.

பழைய வழி ஸ்லைடு. ஆரோக்கியமான ஒருவரின் நியூட்ரோஃபில்களைக் கண்ணாடித் தகட்டில் பரப்பி, எத்தனாலில் பதப்படுத்தி, நோயாளியின் சீரத்தை ஊற்றி, ஒளிரும் சாயம் சேர்த்து, இருட்டறையில் ஃப்ளோரசன்ஸ் மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்கள். அணு முழுக்கப் பச்சைப் பொடி தூவியதுபோல் மின்னினால் சி-ஆன்கா. உட்கருவைச் சுற்றி மட்டும் மின்னினால் பி-ஆன்கா. இதில் ஒரு வேடிக்கை உண்டு. பி-ஆன்கா என்ற அந்த வடிவமே எத்தனால் செய்யும் ஜாலம். எம்பிஓ புரதம் நேர் மின்னேற்றம் கொண்டது. எத்தனால் பட்டதும் தன் இடத்தை விட்டு நகர்ந்து, எதிர் மின்னேற்றம் கொண்ட உட்கருவில் போய் ஒட்டிக்கொள்ளும். ஃபார்மலினில் பதப்படுத்தினால் அதே ஆன்டிபாடி அணு முழுக்கப் பரவித் தெரியும். லூபஸ் நோயாளிகளிடம் காணும் ஏ.என்.ஏ ஆன்டிபாடியும் எத்தனால் ஸ்லைடில் உட்கருவிலேயே மின்னும் என்பதால், பி-ஆன்காவையும் அதையும் பிரித்துச் சொல்வது அனுபவசாலிகளுக்கே சிரமம். ஸ்லைடின் பலவீனம் இதுதான்: பார்ப்பவரின் கண்ணைப் பொறுத்து ரிப்போர்ட் மாறலாம்.

குறிப்பிட்ட ஒரு ஆன்டிபாடியைத் தேடி அளக்கும் ரத்தப் பரிசோதனையான எலைசாவும், அதன் தம்பிகளான புதிய இம்யூனோஅஸ்ஸேக்களும் "மின்னுகிறதா?" என்று கேட்பதில்லை. "பிஆர்3 புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடி உண்டா? எம்பிஓவுக்கு எதிராக உண்டா?" என்று பெயர் சொல்லிக் கேட்கின்றன. பதில் எண்ணாக வரும்.

ஆன்காவை முதலில் கவனித்தவர்கள் ஆஸ்திரேலியர்கள், 1982-இல். 1985-இல்தான் அப்போது வெகனர் நோய் என்று அழைக்கப்பட்ட ஜிபிஏ என்ற வாஸ்குலைட்டிஸ் வகையோடு அதன் உறவு தெளிவானது. 1999-இல் வந்த சர்வதேச உடன்பாடு, முதலில் ஸ்லைடு, பாசிட்டிவானால் எலைசா என்றது. 2017-இல் அதைத் திருப்பிப் போட்டார்கள்: தரமான இம்யூனோஅஸ்ஸேயில் பிஆர்3, எம்பிஓ இரண்டையும் முதலிலேயே பாருங்கள், ஸ்லைடு கட்டாயமில்லை. என் கட்சியும் இதுதான். ஒரு பரிசோதனைக்குத்தான் காசு இருக்கிறது என்றால், பிஆர்3-எம்பிஓவுக்குக் கொடுங்கள்.

அதற்காக ஸ்லைடைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. நோயின் அறிகுறி பலமாக இருந்தும் எலைசா நெகட்டிவ் என்றால், வேறொரு முறையிலோ ஸ்லைடிலோ மறுபடி பார்ப்பது நல்லது. ஆனால் முதல் பத்தியில் சொன்ன ரிப்போர்ட்டில், பி-ஆன்கா மட்டும் பாசிட்டிவாக நிற்கும்போது, வாஸ்குலைட்டிஸை விட வேறு இடங்களில்தான் முதலில் தேடத் தோன்றும். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், ஆட்டோஇம்யூன் ஹெப்படைட்டிஸ், பித்தக் குழாய் அழற்சி ஆகியவற்றில் இது சர்வ சாதாரணம்.

அடுத்து, பிஆர்3யா எம்பிஓவா என்பது. பிஆர்3 பெரும்பாலும் ஜிபிஏவோடு போகும்: ஆறாத சைனஸ், மூக்கில் ரத்தம், நுரையீரலில் கட்டிகள். எம்பிஓ பெரும்பாலும் மைக்ரோஸ்கோபிக் பாலிஆஞ்சைட்டிஸ் என்ற இன்னொரு வாஸ்குலைட்டிஸ் வகையோடு: சற்று வயதானவர்கள், சத்தமில்லாமல் கெடும் சிறுநீரகம், சிலருக்கு நுரையீரல் தழும்பு. பிஆர்3 உள்ளவர்களுக்கு நோய் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம், ஆகவே மருந்தை நிறுத்தும் முடிவில் மருத்துவர்கள் கூடுதல் ஜாக்கிரதையாக இருப்பார்கள். இரண்டும் சேர்ந்து பாசிட்டிவா? அப்போது மருந்துப் பட்டியலை எடுங்கள். ரத்த அழுத்தத்துக்கான ஹைட்ரலசின், தைராய்டுக்கான புரோப்பில்தயோயுராசில் போன்றவை ஆன்காவைக் கிளப்பிவிடக்கூடியவை.

நம் ஊரில் இன்னொரு பொறி இருக்கிறது, காசநோய். நுரையீரலில் குழி விழுந்த கட்டி, எடை குறைவு, சளியில் ரத்தம் என்று ஜிபிஏவும் டிபியும் எக்ஸ்ரேயில் அண்ணன் தம்பிபோல நிற்கும். டிபியிலும் ஆன்கா பாசிட்டிவாக வரலாம். இதய வால்வில் கிருமி தங்கும் எண்டோகார்டைட்டிஸிலும் வரலாம். அங்கே ஆன்காவை மட்டும் நம்பி, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ஸ்டீராய்டும் சைக்ளோஃபாஸ்ஃபமைடும் கொடுத்தால், கிருமிக்குக் கதவைத் திறந்துவிட்டது போலாகிவிடும். சளிப் பரிசோதனை, ரத்தக் கல்ச்சர், முடிந்தால் பயாப்ஸி என்று பார்க்காமல் ஆன்காவை வைத்து மட்டும் முடிவெடுப்பது ஆபத்து.

நெகட்டிவ் என்றாலும் நிம்மதி முழுதாக வராது. ஆஸ்துமாவோடு வரும் ஈஜிபிஏ என்ற வாஸ்குலைட்டிஸில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ஆன்கா இருப்பதில்லை. டகாயாசு, ஜெயன்ட் செல் போன்ற பெரிய ரத்தக் குழாய் நோய்களுக்கு ஆன்காவால் பயனே இல்லை, அங்கே ஸ்கேன்தான்.

சிகிச்சை தொடங்கிய பிறகு ஒரு சிலர் ஆன்கா எண்ணை சர்க்கரை அளவுபோலக் கண்காணிக்க ஆரம்பிப்பார்கள். எண் ஏறினால் தூக்கம் போய்விடும். எண் ஏறியும் நோய் திரும்பாதவர்கள் உண்டு. ஏறாமலே திரும்பியவர்களும் உண்டு. எண்ணை மட்டும் வைத்து மருந்தைக் கூட்டுவதில்லை. தவிர, ஒரு கம்பெனி கிட்டின் 40 இன்னொன்றின் 40 அல்ல, ஆகவே லேப்பை மாற்றினால் பழைய எண்ணோடு ஒப்பிடாதீர்கள். சிறுநீரகத்தில் நோய் தலைதூக்குகிறதா என்று காட்டிக்கொடுப்பது, குறைந்த செலவில் முடிந்துவிடும் யூரின் ரொட்டீனும் கிரியேட்டினினும்தான். யூரினில் புதிதாகச் சிவப்பணுக்களோ புரோட்டீனோ தெரிந்தால், அடுத்த அப்பாயிண்ட்மென்ட் வரை காத்திருக்காமல் அன்றைக்கே டாக்டருக்குச் சொல்லிவிடுங்கள்.