பூட் ஆகாத லினக்ஸ் கணினி: நீண்டகாலப் பயன்பாட்டில் கண்டவை

டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் விநியோகங்களை அன்றாட வேலைக்கான கணினிகளில் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். மேசைச் சூழல், மென்பொருள் வசதி போன்றவற்றைப் பற்றிய அனுபவப் பகிர்வுகள் நிறையவே கிடைப்பதால் அவற்றை விட்டுவிட்டு, டிரைவிலிருந்து பூட் ஆக, அதாவது இயங்குதளம் தொடங்க, மறுக்கும் நேரத்தில் லினக்ஸ் எப்படி நடந்துகொள்கிறது என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன். என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். பூட் ஆகவில்லை என்றதும் எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி நிறுவுவோர் பலர்; டிரைவ் உயிரோடு இருக்கும்வரை அதற்கான தேவை அநேகமாக ஏற்படுவதே இல்லை.

கணினியை இயக்கியதும் முதலில் மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேர் வேலையைத் தொடங்கி, இயங்குதளத்தை ஏற்றிவைக்கும் கிரப் எனும் பூட்லோடரை அழைக்கிறது. கிரப், லினக்ஸின் மையப் பகுதியான கர்னலையும் இனிட்ராம்எஃப்எஸ் எனும் சிறிய தற்காலிகக் கோப்பமைப்பையும் நினைவகத்தில் ஏற்றுகிறது. இனிட்ராம்எஃப்எஸ் இயங்குதளம் இருக்கும் டிரைவ் பகுதியான உண்மையான ரூட் பார்ட்டிஷனைத் தேடிப் பிடித்து மவுண்ட் செய்த (பயன்பாட்டுக்கு இணைத்த) பிறகு, சிஸ்டம்டி எனும் மேலாண்மை நிரல் மற்ற சேவைகளைத் தொடங்கி வைக்கிறது. அஞ்சலோட்டத்தில் கோல் யார் கையிலிருந்து விழுந்தது என்று பார்ப்பதுபோல, இந்தக் கைமாற்றங்களில் எது தவறியது என்று கண்டுபிடிப்பதே முதல் வேலை. அதற்குத் திரையில் ஓடும் செய்திகள் தெரிய வேண்டும். பல விநியோகங்களோ அவற்றை ஒரு லோகோவுக்குப் பின்னால் மறைத்து வைக்கின்றன. எனவே கிரப்பின் அமைப்புக் கோப்பில் 'கொயட்', 'ஸ்பிளாஷ்' என்ற இரண்டு சொற்களையும் நீக்கிவிட்டு அப்டேட்-கிரப் கட்டளையை இயக்கி வைத்திருக்கிறேன். பூட் ஆகும்போது திரை அழகாக இருப்பதில்லை என்றாலும், நின்றுபோனால் எந்த வரியில் நின்றது என்பது கண்முன் இருக்கும்.

பூட் செய்யத் தக்க டிரைவ் எதுவும் இல்லை என்ற செய்தி வந்தால், லினக்ஸைக் குறைசொல்லும் முன் ஃபர்ம்வேர் அமைப்புத் திரைக்குள் போய் அங்கே டிரைவின் பெயர் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தெரியவில்லை என்றால் பெரும்பாலும் கேபிள், ஸ்லாட், டிரைவ் ஆகிய மூன்றில் ஒன்றில்தான் கோளாறு இருக்கும். மென்பொருளால் ஆவது ஒன்றுமில்லை. பழைய மதர்போர்டுகளில் இன்னொன்றும் நடக்கும். சிஆர்2032 பேட்டரி தீர்ந்துபோனால் ஃபர்ம்வேர் அமைப்புகள் தொடக்க நிலைக்குத் திரும்பிவிடும். டிரைவோடு பேச ஃபர்ம்வேரில் ஏஎச்சிஐ, ரெய்டு என்று வெவ்வேறு முறைகள் உண்டு; அப்போது ஏஎச்சிஐ முறையில் இருந்த டிரைவ் ரெய்டு முறைக்கு மாறிவிட்டால், ஃபர்ம்வேருக்குத் தெரிகிற டிரைவ் லினக்ஸ் கர்னலுக்குத் தெரியாமல் போகலாம். கணினியின் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னோக்கிப் போயிருந்தால் என் சந்தேகம் முதலில் அந்தப் பேட்டரியின் மேல்தான் விழும்.

டிரைவ் தெரிகிறது, ஆனாலும் பூட் ஆகவில்லை என்ற நிலைதான் யூஇஎஃப்ஐ (பழைய பயாஸுக்குப் பதிலாக வந்த ஃபர்ம்வேர் வகை) கணினிகளில் நான் அதிகம் சந்தித்தது. எந்த டிரைவில் எந்தக் கோப்பை இயக்க வேண்டும் என்ற குறிப்பை மதர்போர்டு தன் சொந்த நினைவகத்தில் எழுதி வைத்திருக்கிறது. ஃபர்ம்வேரைப் புதுப்பித்தாலோ டிரைவை வேறு ஸ்லாட்டுக்கு மாற்றினாலோ அந்தக் குறிப்பு தொலைந்துவிடுவதுண்டு. டிரைவிலுள்ள கோப்புகள் அத்தனையும் அப்படியே இருக்கும். குறிப்பு இல்லாதபோது ஃபர்ம்வேர், எஃப்ஏடி32 வகையிலான இஎஃப்ஐ பார்ட்டிஷனில் பூட்எக்ஸ்64.இஎஃப்ஐ என்ற பொதுவான பெயருள்ள கோப்பைத் தேடும். கிரப்பை நிறுவும்போது 'ரிமூவபிள்' என்ற விருப்பத்தைச் சேர்த்தால், அந்தப் பொதுவான இடத்தில் ஒரு படி போய் உட்காரும். டெபியனில் கிரப் தொகுப்பை மறுபடி அமைக்கும்போது இதைப் பற்றி ஒரு கேள்வியே கேட்கப்படுகிறது. அதற்கு ஆம் என்று பதில் சொல்லி வைத்த கணினிகளில் இந்தத் தொல்லை திரும்பவில்லை. விண்டோஸும் அதே டிரைவில் இருந்தால் மட்டும், அந்த இடத்தில் ஏற்கெனவே உள்ள கோப்பை மேலெழுதுகிறோமா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

இந்தப் பழுதுகளைச் சரிசெய்ய, பென் டிரைவிலிருந்தே இயங்கும் லினக்ஸான லைவ் யூஎஸ்பியும், டிரைவில் நிறுவிய லினக்ஸுக்குள் நுழைய உதவும் சீஎச்ரூட் கட்டளையும் போதும். லைவ் யூஎஸ்பியில் நுழைந்ததும், சிஸ் கோப்புறைக்குள் ஃபர்ம்வேர் என்பதன் கீழே இஎஃப்ஐ என்ற கோப்புறை இருக்கிறதா என்று பார்ப்பேன். இல்லையென்றால் அந்தப் பென் டிரைவ் பழைய பயாஸ் முறையில் பூட் ஆகியிருக்கிறது என்று பொருள்; அங்கிருந்து யூஇஎஃப்ஐ குறிப்பைப் புதிதாக எழுத முடியாது, மறுபடி சரியான முறையில் பூட் செய்தாக வேண்டும். பிறகு எல்எஸ்பிஎல்கே கட்டளையால் பார்ட்டிஷன்களை அடையாளம் கண்டு, ரூட் பார்ட்டிஷனை மவுண்ட் செய்து, அதற்குள் இஎஃப்ஐ பார்ட்டிஷனையும், டெவ், ப்ராக், சிஸ், ரன் ஆகிய அமைப்புக் கோப்புறைகளையும் இணைத்து, சீஎச்ரூட் வழியாக உள்ளே போனால், டிரைவிலிருந்தே பூட் ஆகியிருப்பதுபோல வேலை செய்யலாம். பூட்-ரிப்பேர் என்ற தானியங்கிக் கருவி இதையெல்லாம் ஒரே பொத்தானில் செய்கிறது. அது தரும் அறிக்கை அருமையானது. ஆனால் எதை எதை மாற்றியது என்பது பின்னால் தெளிவாக விளங்காததால், அந்தப் பொத்தானை நான் அழுத்துவதில்லை.

கிரப் ரெஸ்க்யூ என்ற கட்டளை வரி வந்தால், கிரப்பின் முதல் பகுதி ஏறிவிட்டது, மீதிக் கோப்புகள் இருக்கும் பார்ட்டிஷனை அதனால் கண்டுபிடிக்க முடியவில்லை என்று அறியலாம். பார்ட்டிஷனை அழித்ததாலோ அதன் எண் மாறியதாலோ வருவது இது. அங்கே எல்எஸ் என்று தட்டினால் எச்டி0, ஜிபிடி2 என்ற வடிவில் பட்டியல் வரும். ஒவ்வொன்றாக உள்ளே பார்த்து, கிரப் கோப்புறை எதில் இருக்கிறதோ அதை ரூட், ப்ரிஃபிக்ஸ் ஆகிய இரண்டு மாறிகளிலும் குறித்து, நார்மல் என்ற தொகுதியை ஏற்றி இயக்கினால் வழக்கமான மெனு வந்துவிடும். பார்ப்பதற்கு மிரட்டலாக இருந்தாலும், எல்லாவற்றிலும் எளிதாகத் தீர்வது இதுதான்.

மெனுவைத் தாண்டி, ரூட் கோப்பமைப்பை மவுண்ட் செய்ய முடியவில்லை என்று கர்னல் பேனிக் (கர்னல் மேலே தொடர முடியாமல் நின்றுவிடும் பிழை) வந்தால் பூட் பார்ட்டிஷனில் இடம் இருக்கிறதா என்று பார்க்கலாம். பழைய கர்னல்கள் சேர்ந்து இடம் நிரம்பியிருந்தால், புதிய இனிட்ராம்எஃப்எஸ் முழுதாக எழுதப்படாமல் போயிருக்கும். மெனுவில் முந்தைய கர்னலைத் தேர்ந்து உள்ளே போய், பழையவற்றை நீக்கிவிட்டு, இனிட்ராம்எஃப்எஸ் கோப்பை மறுபடி உருவாக்கினால் போதும்.

பூட்டின்போது மவுண்ட் செய்ய வேண்டியவற்றைப் பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பில் எழுதப்பட்ட ஒரு டிரைவ் கழற்றப்பட்டிருந்தால், சிஸ்டம்டி 90 வினாடிகள் காத்திருந்துவிட்டு வெறும் கட்டளை வரி மட்டும் இருக்கும் எமர்ஜென்சி நிலைக்குப் போய்விடும். சேமிப்புக்காக மட்டும் வைத்திருக்கும் இரண்டாவது டிரைவுக்காக முழுக் கணினியும் நிற்பது எரிச்சலூட்டும் வடிவமைப்பு என்பேன். அத்தகைய வரிகளில் 'நோஃபெயில்' என்று சேர்த்துவிட்டால் அது இல்லாமலேயே பூட் ஆகும்.

2024 ஆகஸ்டில் விண்டோஸ் புதுப்பிப்பு ஒன்றுக்குப் பிறகு, இரண்டு இயங்குதளங்களையும் வைத்திருந்த பல கணினிகள் எஸ்பிஏடி (பாதுகாப்பற்ற பழைய பூட்லோடர்களைத் தடுக்கும் கொள்கை) சோதனை தோல்வி என்ற செய்தியுடன் நின்றன. அப்போது, கையொப்பமுள்ள நிரல்களை மட்டுமே பூட் செய்ய விடும் செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக நிறுத்தி, லினக்ஸுக்குள் போய், மாக்யூட்டில் கட்டளையால் அந்தக் கொள்கையை நீக்குவது வழியாக இருந்தது. செய்தியைப் படித்தவர்களுக்கு டிரைவில் பழுதில்லை என்பது அப்போதே தெரிந்திருக்கும்.

டிரைவே சாகத் தொடங்கியிருந்தால் கதை வேறு. இனிட்ராம்எஃப்எஸ் திரையில் நின்று, கோப்பமைப்பைச் சோதித்துச் சரிசெய்யும் எஃப்எஸ்சிகே கட்டளையைக் கையால் இயக்கச் சொல்லும் செய்தி வந்தால், பலர் எல்லாக் கேள்விக்கும் ஆம் என்று அனுமதி கொடுத்துவிடுகிறார்கள். நல்ல டிரைவில் மின்தடையால் வந்த குழப்பம் என்றால் அது சரியே. தேய்ந்த டிரைவில் அந்தப் பழுதுநீக்கம் நிறைய எழுதும், மிச்சமிருக்கும் தரவையும் கெடுத்துவிடலாம். ஆகவே முதலில் லைவ் யூஎஸ்பியிலிருந்து, டிரைவின் நலனைக் காட்டும் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையை இயக்கிப் பார்ப்பேன். சாட்டா டிரைவில் அதன் பட்டியலின் 5ஆம் எண் இடம்மாற்றப்பட்ட செக்டர்களையும் (டிரைவின் சிறு சேமிப்புப் பகுதிகள்), 197ஆம் எண் சந்தேகத்தில் நிற்கும் செக்டர்களையும் காட்டும். 199ஆம் எண் மட்டும் ஏறிக்கொண்டே போனால் குற்றவாளி பெரும்பாலும் கேபிள்தான். 197 பூச்சியமாக இல்லையென்றால் எஃப்எஸ்சிகே பக்கமே போகாமல், டிடிரெஸ்க்யூவால் முழு டிரைவையும் வேறொன்றுக்கு நகலெடுத்து, அந்த நகலின் மேல்தான் எல்லாப் பழுதுநீக்கத்தையும் செய்வேன்.

முழு டிரைவையும் லக்ஸ் முறையில் குறியாக்கம் செய்தவர்களுக்கு இரண்டு கூடுதல் கவனங்கள் தேவை. சீஎச்ரூட் செய்யும் முன் டிரைவைத் திறக்கும்போது, குறியாக்கம் செய்த டிரைவ்களைப் பட்டியலிடும் கிரிப்ட்டேப் கோப்பில் உள்ள அதே பெயரைக் கொடுக்க வேண்டும். வேறு பெயரில் திறந்து இனிட்ராம்எஃப்எஸ் கோப்பை உருவாக்கினால், அடுத்த பூட்டில் கடவுச்சொல் கேட்கப்படாமலேயே நின்றுவிடக்கூடும். இரண்டாவது, திறவுகோல் விவரங்களை வைத்திருக்கும் லக்ஸ் ஹெடர் சிதைந்தால் சரியான கடவுச்சொல் இருந்தும் தரவு திரும்பாது. கிரிப்ட்செட்டப் கட்டளையில் ஹெடரை நகலெடுக்கத் தனி வசதி இருக்கிறது. அந்தச் சிறு கோப்பை அதே டிரைவில் வைக்காமல், வெளியே ஒரு பென் டிரைவில் போட்டு வைத்திருக்கிறேன்.