அம்மா இருக்கும் இல்லமும் மூன்று கிரானைட் படியும்

போன வாரம் தருமபுரியிலிருந்து தோழி ஒருத்தி போன் பண்ணினாள். "அப்பாவுக்கு 78 ஆச்சு. உங்கம்மா இருக்கிற ஹோம்ல சேர்க்கலாமாடி?"

கிருஷ்ணகிரிப் பக்கம் கத்தோலிக்க சிஸ்டர்கள் நடத்தும் அந்த முதியோர் இல்லத்தில் அம்மா நான்கு வருடமாக இருக்கிறார். அறை, சாப்பாடு, கட்டணமெல்லாம் அவள் ஏற்கெனவே விசாரித்துவிட்டாள். ஒன்று மட்டும் சொன்னேன்: பதிவு பெற்ற அறக்கட்டளை நடத்தும் முதியோர் இல்லத்தில், 60 வயதானவர்களுக்குத் தங்குமிடம், உணவு, பராமரிப்பு எல்லாம் சேர்த்து மாதம் 25,000 ரூபாய் வரை ஜிஎஸ்டி கிடையாது. எங்கே சேர்த்தாலும் பில்லைப் பார்த்துக்கொள். மற்றபடி நான் சொல்ல வேண்டியதெல்லாம் கோயில் படியைப் பற்றித்தான்.

வளாகத்துக் கோயிலுக்கு மூன்று படி. மூன்றும் பாலிஷ் போட்ட கறுப்பு கிரானைட், முகம் பார்க்கலாம். நம் மாவட்டத்தில் கல்லுக்குப் பஞ்சமில்லை. யாரோ நல்ல மனதோடு காணிக்கையாகக் கொடுத்தது. ஆனால் சாரல் பட்டாலோ, காலையில் துடைத்த ஈரம் காயாவிட்டாலோ எனக்கே கால் வழுக்கும். விடியற்காலைப் பூசைக்கு எண்பது வயதுக்காரர்கள் அதில்தான் ஏற வேண்டும், பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாமல். அதே கல்லை நெருப்பில் வாட்டிச் சொரசொரப்பாக்கி, பிளேம் ஃபினிஷ் என்று இங்கேயே விற்கிறார்கள். படிக்கு அதுதான் சரி.

அம்மா சேர்ந்த வருடமே, இல்லத்துக்குப் பொறுப்பான மதரிடம் கைப்பிடி வைக்கச் சொன்னேன். "நிதி வரட்டும்மா" என்றார். அப்போது, வெளியாட்கள் வந்து ஜெபிக்கும் அவர்களுடைய தியான இல்லத்துக்குப் புது மண்டபம் எழும்பிக்கொண்டிருந்தது. மாதாமாதம் பில்லோடு காணிக்கை உறையும் வரும். திருவிழா ஏலத்தில் ஒரு கூடை பெங்களூரா மாம்பழத்தை நானும் விலையேற்றி எடுத்தேன். அதில் குறை சொல்ல மாட்டேன். பணம் கட்ட முடியாத சிலர் அந்த இல்லத்தில் இருக்கிறார்கள், தியானத்துக்கு வருபவர்கள் கொடுப்பதில்தான் அவர்களுக்குச் சோறு. மண்டபம் வேண்டும்தான். ஆனால் ஒரு வெல்டர் ஒரே நாளில் முடிக்கும் கைப்பிடிக்கு மூன்று வருடமா?

போன ஐப்பசியில் அம்மா வழுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டு எலும்பு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டு. விழுந்த மூன்றாம் நாள் கைப்பிடி வந்துவிட்டது! அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அந்த ஆறு வாரத்தையும் சொல்லத்தான் வேண்டும். என் வீட்டில் வைத்திருந்தால் அப்படிப் பார்த்திருப்பேனா தெரியாது. தலை பின்னிவிட்டார்கள், சோறு ஊட்டினார்கள். கோயிலில் நடக்கும் பூசை அம்மாவின் அறையிலேயே கேட்கும்படி ஸ்பீக்கர் வைத்திருக்கிறார்கள், படுத்த இடத்திலிருந்தே அம்மா பூசைக்குப் பதில் சொல்வார். ஒரு நாள் சாயங்காலம் சொல்லாமல் போய் நின்றேன். ஒரு இளம் சிஸ்டர் கட்டிலில் உட்கார்ந்து ஜெபமாலையைத் தன் கையில் வைத்திருந்தார். அம்மா "அருள்நிறைந்த மரியே" ஜெபத்தைச் சொல்லி முடிக்க முடிக்க, சிஸ்டர் ஒவ்வொரு மணியாகத் தள்ளினார். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

கட்டு பிரித்ததும், "வீட்டுக்கு வந்துடும்மா" என்றேன். "இங்கேயே இருக்கேன், எனக்கென்ன குறை?" என்றார். எலத்தகிரியில் பிறந்தவர், 1997-இலேயே தருமபுரி சேலத்திலிருந்து பிரிந்து தனி மறைமாவட்டம் (ஒரு ஆயரின் கீழ் வரும் பகுதி) ஆகிவிட்டாலும் இன்றும் சேலம் மறைமாவட்டம் என்றுதான் சொல்வார். பழகியதை விடமாட்டார். நானும் வற்புறுத்தவில்லை.

ஆனால் தோழியிடம், இப்போதைக்கு வேண்டாம் என்றுதான் சொன்னேன். கைப்பிடி வந்திருக்கிறதே தவிர கல் அதே கல்தான். அவள் அப்பாவுக்கு முட்டி சரியாக மடங்காது. வருகிற ஞாயிறு அவளையும் கூட்டிக்கொண்டு அம்மாவைப் பார்க்கப் போகிறேன். முதலில் அந்தப் படியில் அவள் ஏறிப் பார்க்கட்டும். அன்று மழை பெய்தால் இன்னும் நல்லது.