லித்தியத்துக்குப் பக்கத்தில் யார்: சோடியமா, மெக்னீசியமா?

கார உலோகங்களுக்குப் பாடக்குறிப்பு எழுதும்போது, லித்தியத்தைத் தனிம அட்டவணையில் அதே தொகுதியில் (செங்குத்து வரிசையில்) இருக்கும் சோடியத்தோடு சேர்ப்பதா, மூலைவிட்டத்தில் இருக்கும் மெக்னீசியத்தோடு சேர்ப்பதா என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. நான் மெக்னீசியத்தோடு சேர்த்தேன்.

சோடியத்தின் பக்க நியாயம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். லித்தியத்துக்கும் சோடியத்துக்கும் வெளிக்கூட்டில் ஒற்றை எலக்ட்ரான், அயனிக்கு +1 மின்சுமை, குளிர்ந்த தண்ணீரிலேயே ஹைட்ரஜனைக் கிளப்பும் குணம். மெக்னீசியம் அந்தத் தண்ணீரில் ஏறக்குறைய சும்மா கிடக்கும்.

காற்றில் எரித்தால் கதை மாறும். சோடியம் பெரும்பாலும் பெராக்சைடாகும் (ஆக்சிஜன் கூடுதலாக உள்ள ஆக்சைடு); மற்ற இரண்டும் சாதாரண ஆக்சைடோடு நின்றுவிடும். லித்தியமும் மெக்னீசியமும் நைட்ரஜனோடும் நேரடியாகச் சேர்ந்து நைட்ரைடு தரும். அதில் தண்ணீர் பட்டால் அம்மோனியா வாடை வரும்.

ஆனாலும் என்னை மெக்னீசியம் பக்கம் சாய்த்தது நைட்ரேட்டுகளைச் சூடாக்கும் சோதனைதான். சோடியம் நைட்ரேட் உருகும், குமிழி விடும், நைட்ரைட்டாக மாறும்; வெளியே வருவது நிறமில்லாத ஆக்சிஜன். லித்தியம், மெக்னீசியம் நைட்ரேட்டுகளைச் சூடாக்கினால் ஆக்சிஜனோடு செம்பழுப்பு நிற நைட்ரஜன் டை ஆக்சைடும் கிளம்பும், அடியில் ஆக்சைடு மிஞ்சும். (புகைக்கூண்டு இல்லாமல் இதைத் தொடவே கூடாது.)

காரணம் அயனியின் அளவு. லித்தியம் அயனியின் ஆரம் 76 பிகோமீட்டர், மெக்னீசியத்துக்கு 72, சோடியத்துக்கு 102. சின்ன அயனி நைட்ரேட்டின் எலக்ட்ரான் முகிலைத் தன் பக்கம் இழுத்துக் குலைக்கிறது. அப்புறம், சின்ன அயனியும் சின்ன ஆக்சைடு அயனியும் நெருக்கமாக அடுக்கிக்கொள்வதால் ஆக்சைடாக மாறுவதே லாபம். கார்பனேட்டுக்கும் இதே கணக்குத்தான். என்ன, லித்தியம் கார்பனேட் 720 டிகிரி செல்சியஸை ஒட்டி உருகிய பிறகுதான் கணிசமாகச் சிதையும். மெக்னீசியம் கார்பனேட் அதற்கு வெகு முன்பே சிதைந்துவிடும்.

எலக்ட்ரான் கவர்திறனையும், அதாவது பிணைப்பில் எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுக்கும் திறனையும், காரணமாகச் சொல்வார்கள். லித்தியம் 0.98, சோடியம் 0.93, மெக்னீசியம் 1.31 என்று பார்த்தால் அந்த வாதம் எடுபடவில்லை. கரிம உலோகச் சேர்மங்களில் எனக்குப் பழக்கம் குறைவு. பியூட்டைல் லித்தியமும் கிரிக்னார்டு வினைபொருளும் (கார்பனோடு மெக்னீசியம் இணைந்த சேர்மம்) பல இடங்களில் ஒரே வேலையைச் செய்யும் என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

ஆனால் ஹைட்ராக்சைடில் லித்தியமும் மெக்னீசியமும் பிரிந்துவிடுகின்றன. லித்தியம் ஹைட்ராக்சைடு தண்ணீரில் கரையும், வலுவான காரம்; மெக்னீசியம் ஹைட்ராக்சைடு கரைவதே அபூர்வம். உப்புநீரிலிருந்து லித்தியம் எடுப்பவர்களுக்கு இந்த வேறுபாடுதான் கைகொடுக்கிறது. சுண்ணாம்பைப் போட்டால் மெக்னீசியம் வீழ்படிவாகிவிடும், லித்தியம் கரைசலிலேயே தங்கும்.