“மொபைல் எண்ணைச் சரிபார்க்க முடியவில்லை” என்று வங்கிச் செயலி சொன்னால், கஸ்டமர் கேர் எண்ணைக் கூகுளில் தேடாதீர்கள்

புதுப் போனில் சிம்மைப் போட்டு, வங்கிச் செயலியை இறக்கித் திறந்தால் சக்கரம் சுற்றுகிறது. பிறகு ஒரே வரி: “மொபைல் எண்ணைச் சரிபார்க்க முடியவில்லை, மீண்டும் முயலவும்.” ஏன் முடியவில்லை என்று சொல்வதில்லை. சில முறை முயன்றால் பல செயலிகள் 24 மணி நேரத்துக்குப் பூட்டிக்கொள்ளும். கிளைக்குப் போனால் “அன்இன்ஸ்டால் பண்ணிட்டு மறுபடி போடுங்க” என்பதோடு சரி. அவசரமாகப் பணம் கட்ட வேண்டியவர் அடுத்துச் செய்வது, வங்கியின் பெயரோடு கஸ்டமர் கேர் என்று சேர்த்துக் கூகுளில் தேடுவது. அங்கே மேலே வந்து நிற்கும் எண்களில் மோசடிக்காரர்கள் போட்டு வைத்தவையும் உண்டு. பணம் போவது அங்கேதான்.

அந்தச் சோதனை எப்படி நடக்கிறது என்று தெரிந்துவிட்டால், பாதிச் சிக்கலை நீங்களே தீர்க்கலாம். மோசடியையும் அடையாளம் காணலாம்.

சிம் 1, சிம் 2 எதைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்று செயலி கேட்கிறது அல்லவா? அதை அழுத்தியதும், புரியாத எழுத்துகளும் எண்களும் கலந்த ஓர் எஸ்எம்எஸ், உங்கள் போனிலிருந்து வங்கியின் எண்ணுக்குப் போகிறது. ஆண்ட்ராய்டில் அது தானாகவே போய்விடும். ஐபோனில் மெசேஜ் திரை திறக்கும், நீங்கள்தான் அனுப்பு பொத்தானை அழுத்த வேண்டும். அந்த எஸ்எம்எஸ் எந்த எண்ணிலிருந்து வருகிறது என்று வங்கியின் சர்வர் பார்க்கிறது. கணக்கில் பதிந்த எண்தான் என்றால், அந்த எழுத்துச் சரத்தை உருவாக்கிய போனை உங்கள் கணக்கோடு கட்டிப்போடுகிறது. ஆக, இங்கே சோதிக்கப்படுவது உங்களுக்கு வரும் ஓடிபி அல்ல, உங்களிடமிருந்து வெளியே போகும் எஸ்எம்எஸ். இதைப் பல வங்கிகள் திரையில் தெளிவாக விளக்காமல் விடுவதுதான் என் முதல் கோபம்.

வெளியே போகிற எஸ்எம்எஸ் என்பதால் அது தடைபடக் காரணங்கள் பல. ரீசார்ஜ் பேக்கில் எஸ்எம்எஸ் இல்லை, மெயின் பேலன்ஸிலும் காசு இல்லை என்பது அடிக்கடி நடப்பது. டேட்டா மட்டும் இருக்கும் பேக்கில் இணையம் ஓடும், எஸ்எம்எஸ் போகாது. எந்த எண்ணுக்காவது சாதாரண எஸ்எம்எஸ் ஒன்றை அனுப்பிப் பாருங்கள். அது போகவில்லை என்றால் சிக்கல் வங்கியில் இல்லை. இரண்டு சிம் போட்டிருந்தால், எஸ்எம்எஸ்ஸுக்கான இயல்பு சிம்மாக வங்கியில் பதிந்த எண்ணை அமைப்புகளில் மாற்றுங்கள், முடிந்தால் மற்ற சிம்மைச் சற்று நேரம் அணைத்து வையுங்கள். எஸ்எம்எஸ், போன் அனுமதிகளை முன்பு மறுத்திருந்தால் திரும்பக் கொடுங்கள். விபிஎன் (இணைய இணைப்பை வேறு சர்வர் வழியாகத் திருப்பும் செயலி) ஓடினால் நிறுத்துங்கள். வைஃபையை அணைத்து, அதே சிம்மின் மொபைல் டேட்டாவில் முயலுங்கள். ஐபோனில் மெசேஜ் எந்த எண்ணிலிருந்து போகிறது என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள், உள்ளே இருக்கும் எழுத்தில் ஒன்றைக்கூடத் தொடாதீர்கள். போன் அமைப்புகளில் செயலி உருவாக்குவோருக்கென இருக்கும் டெவலப்பர் ஆப்ஷன்ஸ், யுஎஸ்பி டீபக்கிங் திறந்திருந்தாலோ, எனிடெஸ்க் போன்ற திரை பகிரும் செயலி இருந்தாலோ சில வங்கிச் செயலிகள் நின்றுவிடும். அவற்றை அணைத்தோ நீக்கியோ விட்டு, வங்கிச் செயலியைத் திரும்பத் திறந்து பாருங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும் போகவில்லையா? சிம்மைச் சமீபத்தில் மாற்றினீர்களா என்று யோசியுங்கள். தொலைந்த சிம்முக்குப் பதில் புது சிம் வாங்கினாலும், பழைய சிம்மை ஈ-சிம்மாக மாற்றினாலும், முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வரவும் வராது, போகவும் போகாது. சிம் மாற்று மோசடியைத் தடுக்கத் தொலைத்தொடர்புத் துறை 2022-இல் போட்ட உத்தரவு அது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் செயலி இதைச் சொல்வதில்லை, அதற்குள் முயன்று முயன்று ஆட்கள் பூட்டிக்கொள்கிறார்கள். அந்த ஒரு நாள் செயலியைத் தொடாமல் இருப்பதே நல்லது. அதே சிம்மைக் கழற்றி வேறு போனில் போடுவதற்கு இந்தத் தடை இல்லை.

சிங்கப்பூரிலோ துபாயிலோ இருந்துகொண்டு ஊர் எண்ணை வைத்திருப்பவர்களுக்கும் இதே தொல்லை. ஓடிபி வந்து சேர்ந்தாலும், வெளியே எஸ்எம்எஸ் போக ரோமிங் வசதி வேண்டும். வெளிநாட்டில் வாழும் இந்தியர்களுக்கான என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்கை அந்த நாட்டு எண்ணோடு யுபிஐ-யில் இணைக்க 2023-இல் வழி திறந்தது. உங்கள் வங்கி அதைத் தருகிறதா என்று கேட்டுவிட்டு எண்ணை மாற்றுவது நிம்மதி.

இனி மோசடிக்கு வருகிறேன். போலி எண்ணில் பேசுபவர் மரியாதையாகவே பேசுவார். “சார், உங்க நம்பர் சர்வர்ல அப்டேட் ஆகல. வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ் அனுப்புறேன், அதை அப்படியே இந்த நம்பருக்கு எஸ்எம்எஸ்ஸா அனுப்பிடுங்க, உடனே சரியாயிடும்.” ஓடிபி கேட்கவில்லை, பின் கேட்கவில்லை, அதனால் விவரம் தெரிந்தவர்கள்கூட நம்பிவிடுகிறார்கள். நடப்பது என்னவென்றால், யுபிஐ செயலியை அவர் தன் போனில் நிறுவி, தன் போனுக்காக உருவான எழுத்துச் சரத்தை உங்கள் கையில் கொடுக்கிறார். உங்கள் சிம்மிலிருந்து அது போனதும், அவருடைய போன் உங்கள் எண்ணோடு கட்டப்பட்டுவிடும். அடுத்து “வெரிஃபிகேஷனுக்கு” என்று டெபிட் கார்டின் கடைசி ஆறு இலக்கம், காலாவதி மாதம், ஓர் ஓடிபி. அல்லது ஆதாரின் முதல் ஆறு இலக்கமும் ஓடிபியும். யுபிஐ பின்னைப் புதிதாக வைக்கத் தேவையானவை இவையேதான். பிறகு கணக்கு அவர் கையில்.

இன்னொரு வகை, “புது வெர்ஷன்” என்று வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பு, அதாவது பிளே ஸ்டோர் இல்லாமல் நேரடியாக நிறுவும் ஆண்ட்ராய்டு செயலி. நிறுவும்போது எஸ்எம்எஸ் அனுமதி கேட்கும். கொடுத்தால், வருகிற ஓடிபி எல்லாம் உங்களுக்குத் தெரியாமல் அவர்களுக்கும் போகும். செயலியைப் பிளே ஸ்டோர் அல்லது ஆப் ஸ்டோரில் மட்டும் எடுங்கள். வங்கியின் எண்ணை டெபிட் கார்டின் பின்புறத்திலிருந்தோ பாஸ்புக்கிலிருந்தோ மட்டும் எடுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால், வங்கிச் செயலி தானே அனுப்புவதைத் தவிர, யார் சொல்லியும் புரியாத எழுத்துள்ள எஸ்எம்எஸ்ஸை யாருக்கும் அனுப்பக் கூடாது என்று இன்றே சொல்லி வையுங்கள்.

நீங்கள் கேட்காமலே “உங்கள் எண் புதிய சாதனத்தில் யுபிஐ-க்குப் பதிவானது” என்ற தகவல் வந்தால், அந்த நிமிடமே வங்கிக்கு அழைத்து யுபிஐ-யையும் கார்டையும் முடக்கச் சொல்லுங்கள். புதிதாகப் பதிந்த போனில் ஆண்ட்ராய்டுக்கு முதல் 24 மணி நேரமும், ஐபோனுக்கு 72 மணி நேரமும், யுபிஐ வழியாக 5,000 ரூபாய்க்கு மேல் பொதுவாக அனுப்ப முடியாது. மருத்துவமனைக் கட்டணம் கட்ட நிற்பவருக்கு எரிச்சல் தருவது இந்த வரம்பு, ஆனால் சிக்கிக்கொண்டவருக்குக் கிடைக்கும் அவகாசமும் அதுதான்.

பணம் போய்விட்டால் முதலில் சைபர் மோசடிக்கான தேசிய உதவி எண் 1930-க்கு அழையுங்கள். பரிமாற்ற எண், தேதி, நேரம், தொகை, எந்தக் கணக்கிலிருந்து என்பவை கையில் இருக்கட்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் நிறுத்திவைக்க அவர்களால் முயல முடியும். அதோடு வங்கியிடம் புகார் கொடுத்து, புகார் எண்ணைக் கட்டாயம் வாங்குங்கள்.

“நீங்கதானே அனுப்பினீங்க” என்று வங்கி கைவிரிக்கும். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 சுற்றறிக்கையில் கொண்டுவந்த விதிகளை எடுத்துச் சொல்லுங்கள். வாடிக்கையாளர்தான் பொறுப்பு என்று நிரூபிக்க வேண்டியது வங்கியின் வேலை. வங்கியின் குறையால் நடந்தது என்றால் முழு இழப்பும் வங்கிக்கே. இருவர் மீதும் தவறில்லாமல் வேறிடத்தில் நடந்த கசிவு என்றால், பணம் போனதாக வங்கியிடமிருந்து தகவல் வந்த 3 வேலை நாளுக்குள் வங்கிக்குச் சொன்னால் உங்களுக்கு இழப்பில்லை. 4 முதல் 7 வேலை நாளுக்குள் சொன்னால், சேமிப்புக் கணக்குக்கு உங்கள் பங்கு அதிகபட்சம் 10,000 ரூபாய். நீங்களே விவரத்தைக் கொடுத்துவிட்டீர்கள் என்றால், வங்கிக்குச் சொல்லும் வரை நடந்த இழப்பு உங்களுடையது, சொன்ன பிறகு நடப்பது வங்கியுடையது. அதனால் புகார் கொடுத்த நேரம் எழுத்தில் இருக்க வேண்டும். தொலைபேசியில் சொன்னதும் மின்னஞ்சலிலும் ஒரு வரி அனுப்பிவிடுங்கள்.

30 நாளில் பதில் இல்லை என்றாலோ, பதில் திருப்தியில்லை என்றாலோ, ரிசர்வ் வங்கியின் ஓம்புட்ஸ்மனிடம் (குறைதீர்ப்பாளரிடம்) இணையத்தில் கட்டணமின்றிப் புகார் கொடுக்கலாம். விவரம் கேட்க 14448. வங்கிக்கு முதலில் அனுப்பிய புகாரின் நகல் இல்லாமல் போனால் அங்கே எடுபடாது.