ஒல்லியாகக் கருவுற்றவளுக்கு டப்பா சாப்பாடு உதவியதா? வேலூரிலிருந்து ஓர் அனுபவம்

கருவுற்றபோது என் உயரம் 156 செ.மீ., எடை 44 கிலோ. உடல் நிறை குறியீடு 18.5-க்குக் கீழே. இப்படி இருப்பவர்கள் பிரசவத்துக்குள் 12.5 முதல் 18 கிலோ வரை கூட வேண்டும் என்கிறது, 2009-ல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட அளவுகோல். உடல்பருமன் உள்ளவர்களுக்கு அதே அளவுகோல் 5 முதல் 9 கிலோதான் சொல்கிறது. ஆகவே நான் எழுதுவது என்னைப்போல் எடை குறைவாக இருந்தவர்களுக்கே பொருந்தும்.

காட்பாடியில் வேலை, சத்துவாச்சாரியில் வீடு. கணவர் வாரநாட்களில் சென்னையில். மாமியாருக்கு மூட்டுவலி, அடுப்படியில் நிற்க முடியாது. நான்காம் மாதம் மசக்கை அடங்கியதும் சமைத்த சாப்பாட்டை வெளியிலிருந்து வாங்குவது என்று முடிவு செய்தோம்.

முதலில் வாங்கியது ஒரு டயட் சாப்பாட்டு நிறுவனத்திடம். ஒரு வாரத்திலேயே நிறுத்திவிட்டேன். அவர்களுடைய டப்பாக்கள் எடையைக் குறைக்க நினைப்பவர்களுக்காகத் திட்டமிட்டவை. பச்சைக் காய்கறியும் வேகவைக்காத முளைப்பயறும்தான் பாதி டப்பா. வேகாத முளைப்பயறில் கிருமி இருக்க வாய்ப்பு உண்டு என்பதால் கர்ப்பிணிகள் அதைத் தவிர்க்க வேண்டும். சொன்னோம், மாற்றித் தரவில்லை.

பிறகு கிடைத்தவர் எங்கள் பகுதியிலேயே சமைத்துக் கொடுக்கும் ஓர் அக்கா. வேலூருக்கு இந்த வசதி இயல்பாகவே உண்டு. சி.எம்.சி. மருத்துவமனைக்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்து மாதக்கணக்கில் லாட்ஜில் தங்குகிறவர்கள் ஏராளம். அவர்களுக்கு உப்புக் குறைத்து, காரம் குறைத்துச் சமைத்துப் பழகிய கைகள் இந்த ஊரில் நிறைய. அக்காவும் அப்படித்தான். "உனக்கு என்ன வேண்டும் என்று டாக்டர் எழுதிய தாளைக் கொண்டு வா, அதைப் பார்த்து ஆரம்பிக்கலாம்" என்றார்.

அந்தத் தாளில் இருந்தது பெரிய ரகசியம் எதுவுமில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரைப்படி, கர்ப்பகாலத்தில் கூடுதலாக வேண்டியது நாளொன்றுக்கு 350 கலோரி. ஒரு டம்ளர் பால், ஒரு கைப்பிடி வேர்க்கடலை, ஒரு வாழைப்பழம் சேர்ந்தால் ஏறக்குறைய அவ்வளவுதான். "இரண்டு உயிர் இருக்கிறதே, இன்னும் ஒரு கரண்டி சோறு போட்டுக்கொள்" என்று மாமியார் அன்போடு சொல்வார். ஆனால் மதியம் அந்த ஒரு கரண்டி ஏறினால் நெஞ்செரிச்சலில் இரவுச் சாப்பாடே போய்விடும்.

எடையை ஏற்றியவை இடைவேளை டப்பாக்கள். இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் தயார் உணவு வாங்குகிற பலரும் மதியச் சாப்பாட்டை மட்டும்தான் பேசி முடிக்கிறார்கள். காலை பதினொரு மணிக்கு வேர்க்கடலைச் சுண்டலோ மொச்சைச் சுண்டலோ, கூட ஒரு அவித்த முட்டை. மாலையில் முருங்கைக்கீரை போட்ட கேழ்வரகு அடை, அல்லது நெய் ஊற்றி உருட்டிய பொட்டுக்கடலை உருண்டை. நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. வடாற்காட்டுக்காரர்களுக்கு அதைச் சாப்பிட யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. பசி வருவதற்கு முன்பே கைக்கெட்டும் இடத்தில் டப்பா இருந்ததால் சாப்பிட்டேன். நானே எழுந்து செய்துகொள்ள வேண்டியிருந்தால் பாதி நாள் படுத்தே இருந்திருப்பேன்.

முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் கிடைத்த ஊட்டச்சத்துப் பெட்டகத்தின் நெய்யையும் பேரீச்சம்பழத்தையும் அக்காவிடமே கொடுத்துவிட்டேன். அந்தத் திட்டத்தின் 18,000 ரூபாயில் 14,000 பணமாகவும் 4,000 ரூபாய்க்கு இரண்டு பெட்டகங்களாகவும் வருகிறது. கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது அரசு தரும் பிக்மி எண்ணை வாங்காதவர்கள் உடனே வாங்கிவிடுங்கள்.

இனிப்பால் எடை ஏற்றக் கூடாது என்பதில் மருத்துவர் கண்டிப்பாக இருந்தார். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை பார்ப்பார்கள். 140-ஐத் தொட்டால் கர்ப்பகால நீரிழிவு. எனக்கு அதற்குக் கீழே இருந்தது. இருந்தாலும் உருண்டையில் வெல்லத்தைப் பாதியாக்கச் சொன்னேன்.

குறைகளும் உண்டு. ஆடியில் ஊர்க்கூழுக்கும் உறவினர் கல்யாணத்துக்கும் அக்கா போய்விட்டால் நம் பாடு திண்டாட்டம். மாதங்கள் போகப் போக உருளைக்கிழங்கு அடிக்கடி வரத் தொடங்கியது; கேட்ட பிறகுதான் கீரை திரும்பியது. வேலூர் வெயிலில் கேரியர் தாமதமாக வந்தால் பெரிய சிக்கல். வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் சமைத்த உணவை ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது. சித்திரை, வைகாசியில் தாமதமாக வந்த தயிர்ச்சாதத்தை நான் தொடவே இல்லை. மூன்று டப்பாவுக்கும் சேர்த்து மாதம் ஏறக்குறைய 4,500 ரூபாய் ஆனது. எங்கள் வீட்டுக்கு அது சிறிய தொகை இல்லை.

சாப்பாட்டோடு மாத்திரை நேரத்தையும் பொருத்திக்கொள்ள வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் ஒன்றாகப் போடக் கூடாது, இரும்பு மாத்திரையை ஒட்டி டீ குடிக்கக் கூடாது. சுண்டலில் எலுமிச்சை பிழியச் சொன்னதும் இரும்புச்சத்து உடம்பில் சேர்வதற்காகத்தான்.

வாரம் ஒருமுறை, காலையில், ஒரே எடைக்கருவியில் பார்த்தேன். ஐந்தாம் மாதத்திலிருந்து வாரத்துக்கு அரைக் கிலோ அளவில் ஏறியது. கடைசி மாதத்தில் ஒரு வாரம் எடை திடீரென்று எகிறி, முகம் வீங்கியது. அப்படி ஏறுவது சாப்பாட்டால் வருவதில்லை, உடம்பில் நீர் கோப்பதால் இருக்கலாம். இரத்த அழுத்தத்தின் அறிகுறியாகவும் இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போனோம். அழுத்தம் சரியாக இருந்தது. தலைவலி, கண் மங்கல் சேர்ந்து வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

பிரசவத்தின்போது என் எடை 57.5 கிலோ. குழந்தை 2.9 கிலோ. டப்பாவை இன்னும் நிறுத்தவில்லை. பாலூட்டும் முதல் ஆறு மாதத்துக்கு நாளொன்றுக்குக் கூடுதலாக 600 கலோரி வேண்டும், கர்ப்பத்தில் வேண்டியதைவிட அதிகம். பத்தியம் என்று சொல்லிக் காய்கறியையும் பழத்தையும் நிறுத்த வந்த பெரியவர்களிடம் அக்காவே பேசினார். பூண்டுக்குழம்பு அவர்கள் விருப்பப்படி வருகிறது. கீரையும் முட்டையும் அப்படியே தொடர்கின்றன.