நாலு நோன்பு, மூணு சாமான்

2022-இல் ரமலான் நோன்பு ஏப்ரல் 3 அன்று தொடங்கியது. ஆறாவது நோன்பிலேயே எனக்குக் கீழுதடு வெடித்து ரத்தம் வந்தது. மேலப்பாளையத்திலிருந்து பாளையங்கோட்டைக்குத் தினமும் ஸ்கூட்டரில் வேலைக்குப் போகிறவள் நான். விடியலுக்கு முந்தைய ஸஹர் சாப்பாடு முடிந்தால், பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் வரை 13 மணி நேரத்துக்கு மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. நடுவில் நெல்லை வெயில். நாக்கால் நனைத்து நனைத்து நானே உதட்டைக் கெடுத்துக்கொண்டேன் என்பது பிறகுதான் புரிந்தது. எச்சில் காயும்போது உதட்டில் இருக்கிற ஈரத்தையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும்.

பயந்துபோய் அந்த வருடம் வாங்கியவை: ஒரு வைட்டமின் சி சீரம், நுரை பொங்கும் ஃபேஸ்வாஷ், ஸ்ட்ராபெரி வாசத்தில் ஒரு லிப் பாம். காய்ந்த கன்னத்தில் சீரம் பட்டதும் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் எரிந்தது. லிப் பாம் நாக்கில் இனித்தது. நோன்பு வாயோடு அது ஒரு உறுத்தல். ஃபேஸ்வாஷ்தான் பெரிய தப்பு. ஒவ்வொரு ஒளுவுக்கும் (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுவது) மூன்று முறை முகம் கழுவுகிறோம். அதற்கு மேல் நுரையும் போட்டுத் தேய்த்தால் தோலில் எண்ணெய்ப் பசை எங்கே மிஞ்சும்?

அடுத்த நோன்புக்கு மூன்றையும் ஒதுக்கிவிட்டேன். 2025 நோன்பும் முடிந்த நிலையில் என் அலமாரியில் நிலைத்தவை கிளிசரின் கலந்த வாசனையில்லாத மாய்ஸ்சரைசர், வாசலின், எஸ்பிஎஃப் 50 சன்ஸ்கிரீன். அவ்வளவுதான்.

மாய்ஸ்சரைசரில் விஷயமே பூசுகிற நேரம்தான். ஒளு செய்த கையோடு, தொழுகைக்கு முன்னாலேயே, துண்டால் முகத்தை ஒற்றிவிட்டு ஈரம் இருக்கும்போதே பூசிவிட வேண்டும். கிளிசரின் ஈரத்தைப் பிடித்து வைக்கிற சாமான். முகம் காய்ந்து போன பிறகு பூசினால் அது எதைப் பிடிக்கும்? தோலில் பூசுவதால் நோன்பு முறியாது, உள்ளே போகாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று மார்க்கம் படித்த எங்கள் ஆலிம்சா சொன்ன பிறகுதான் பகலில் துணிந்து பூச ஆரம்பித்தேன். வாசலின் மட்டும் நோன்பு இரவுகளின் தராவீஹ் தொழுகை முடிந்து படுக்கப் போகும்போது, உதட்டுக்கும் குதிகாலுக்கும். வாசலினைத் தாண்டி ஒளுத் தண்ணீர் தோலில் படுமா படாதா என்ற சந்தேகமும் அதோடு தீர்ந்தது.

சன்ஸ்கிரீனை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பூசச் சொல்கிறார்கள். வேலைக்குப் போகிற இடத்தில் அது நடக்காது. காலையில் கிளம்பும்போது ஒன்று, மதியம் லுஹர் தொழுகைக்கான ஒளுவுக்குப் பின் ஒன்று. மீதியை ஷால் பார்த்துக்கொள்ளும்.

ஸஹரில் ஒரே மூச்சாக ஒரு லிட்டர் தண்ணீர் குடித்துப் பார்த்தேன். விடியும் முன்னே எல்லாம் வெளியே போய்விட்டது. இப்போது நோன்பு திறந்ததிலிருந்து படுக்கும் வரை ஒவ்வொரு தம்ளராகக் குடிக்கிறேன். நோன்புக் கஞ்சியும் பாதி தண்ணீர்தானே, இரண்டு கோப்பை கூடவே போகும். நுங்கு வந்துவிட்டால் வடைக்கு வேலையில்லை (இதை வீட்டில் யாரும் ஒத்துக்கொள்வதில்லை). கண்ணுக்குக் கீழே கருவளையத்துக்கு அலமாரியில் இருக்கிற மூன்று சாமானாலும் ஒரு பயனும் இல்லை. மூன்றரை மணிக்கு எழுந்தால் அது வரத்தான் செய்யும். விடுமுறை நாளில் லுஹருக்குப் பின் அரை மணி நேரம் கண்ணயர்ந்தால் கொஞ்சம் தேவலை.

உம்மா பீடி சுற்றுகிறவர். இலையும் தூளும் பட்டு விரல்நுனி எப்போதும் வெடித்தே இருக்கும், நோன்பில் இன்னும் மோசம். முதல் வருடம் என் டப்பாவைப் பார்த்து, “தேங்காண்ணெ இருக்கும்போது இதெல்லாம் எதுக்குட்டி?” என்றார். இப்போது சன்ஸ்கிரீன் ட்யூப் பெருநாளைக்கு முன்னே தீர்ந்துவிடுகிறது. வாசலின் டப்பா அதற்கு அப்புறமும் கிடக்க வேண்டியது, கிடப்பதில்லை.