பாதியில் நின்ற கதைகளோடு பதினைந்து வருஷம்

2023 ஜனவரி 3, காலை எட்டு மணி இருக்கும். ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். நெட்ஃபிளிக்ஸில் வந்த '1899' சீரிஸை நிறுத்திவிட்டார்கள், அடுத்த சீசன் கிடையாது என்று அதன் இயக்குநர் பாரன் போ ஓடார் இன்ஸ்டாகிராமில் போட்டிருந்தார். முந்தைய வருஷம் நவம்பர் 17 அன்றுதான் வெளியானது. கணக்குப் போட்டால் 47 நாள். என்னைக் கேட்டுத்தான் தங்கையும் அதைப் பார்க்கத் தொடங்கியிருந்தாள். செய்தியை அவளுக்கு அனுப்பியதும் பதில் வந்தது: "அண்ணா, எனக்கு இன்னும் ரெண்டு எபிசோட் இருக்கு. பாக்கணுமா, வேணாமா?"

அன்றைக்கு அவளுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. இத்தனை வருஷமாக அமெரிக்க, ஐரோப்பிய சீரிஸ்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அதில் எத்தனையோ பாதியில் நின்று போயிருக்கின்றன, ஆனாலும் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஐரோப்பாவிலிருந்து நியூயார்க்குக்குப் பிழைக்கப் போகிறவர்களை ஏற்றிச் செல்லும் ஒரு கப்பல், காணாமல் போன இன்னொரு கப்பலிலிருந்து வரும் சிக்னல், இதுதான் கதை. டேனிஷ்காரர் டேனிஷில் பேசுவார், போலந்துக்காரர் போலிஷில் பேசுவார், ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாது, ஆனாலும் ஏதோ ஒன்று புரிந்துவிடும். (இதை ஆங்கில டப்பிங்கில் பார்த்தவர்கள் பாதியைத் தவறவிட்டார்கள் என்பேன்.) எட்டு எபிசோட் முழுக்க முடிச்சு மேல் முடிச்சாகப் போட்டு, கடைசி சில நிமிடங்களில் மொத்தத்தையும் புரட்டிப் போட்டு, 'இனிமேல்தான் கதை' என்கிற இடத்தில் நிற்கிறது. மூன்று சீசனுக்குத் திட்டமிட்ட கதை. அங்கேயே நின்றுவிட்டது.

எனக்கு இந்த அனுபவம் தொடங்கியது 2009ல், காலேஜ் ஹாஸ்டலில். அறைத் தோழனின் அண்ணன் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த டிவிடி பெட்டியில் 'ஃபயர்ஃபிளை' என்ற அமெரிக்க விண்வெளி சீரிஸ் இருந்தது. 14 எபிசோட். ஒரு வாரத்தில் முடித்துவிட்டு, அடுத்த சீசன் டிவிடி எங்கே என்று கேட்டேன். அவன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. "அவ்ளோதான்டா. 2002லயே நிறுத்திட்டாங்க."

பிறகு தேடிப் படித்துத் தெரிந்துகொண்டதுதான் இன்னும் வலித்தது. ஃபாக்ஸ் சேனல் அதை வெள்ளிக்கிழமை இரவில் போட்டது. அமெரிக்காவில் அந்த நேரத்தில் இளவட்டங்கள் வீட்டிலேயே இருப்பதில்லை, அதனால் ஒரு சீரிஸ் வெள்ளி இரவுக்குப் போனாலே ரசிகர்களுக்கு வயிற்றைக் கலக்கும். கதையைத் தொடங்கி வைக்கும் இரண்டு மணி நேர முதல் எபிசோட் சேனலுக்குத் திருப்தி தரவில்லை. இன்னும் விறுவிறுப்பாக வேறொன்று வேண்டும் என்றார்கள். அவசரமாக எழுதிய இன்னொரு எபிசோடை முதலில் போட்டார்கள், மற்றவற்றையும் வரிசை மாற்றிப் போட்டார்கள், அந்த உண்மையான முதல் எபிசோட் 2002 டிசம்பர் 20 அன்று கடைசியாக ஒளிபரப்பானது. மூன்று எபிசோட் ஒளிபரப்பாகவே இல்லை. யார் எவர் என்றே அறிமுகம் செய்யாமல் ஒரு கதையைப் போட்டுவிட்டு, ஆள் வரவில்லை என்று எடுத்துவிட்டார்கள். அதற்கப்புறம் டிவிடி நன்றாக விற்றதால்தான் 2005ல் யுனிவர்சல் அதைப் படமாக எடுத்தது. ஆள் இல்லாமல் இல்லை. அவர்கள் வந்து சேர நேரம் கொடுக்கவில்லை.

நேரம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் அதே அமெரிக்க டிவியிலேயே சாட்சி இருக்கிறது. 'சியர்ஸ்' என்ற காமெடித் தொடர் 1982ல் என்பிசி சேனலில் தொடங்கியபோது ரேட்டிங் பட்டியலின் அடியில்தான் கிடந்தது. எடுத்துவிடவில்லை. 11 சீசன் ஓடியது. 'சைன்ஃபெல்ட்' 1989ல் ஒரு சோதனை எபிசோட் போட்ட பிறகு, தயங்கித் தயங்கி இன்னும் நாலே நாலு எபிசோடுக்குத்தான் அனுமதி கிடைத்தது. அது 1998 வரை போய் அமெரிக்காவின் மிகப் பெரிய காமெடித் தொடர்களில் ஒன்றானது. இன்றைக்கு அந்த இரண்டும் புதிதாக வந்தால் முதல் சீசனைத் தாண்டியிருக்குமா என்று யோசித்தால் எனக்குப் பயமாகவே இருக்கிறது. 2010ல் ஃபாக்ஸில் வந்த 'லோன் ஸ்டார்' இரண்டே எபிசோடில் போனது. இரண்டு எபிசோடில் ஒரு எதிர்வீட்டுக்காரரின் குணமே நமக்குப் பிடிபடாது.

அந்தக் காலத்தில் நம் மாதிரி ஆட்கள் எந்தக் கணக்கிலும் கிடையாது. நீல்சன் நிறுவனம் அமெரிக்காவில் தேர்ந்தெடுத்த சில வீடுகளில் என்ன ஓடுகிறது என்று அளக்கும், அதிலும் 18 முதல் 49 வயது வரை உள்ளவர்கள் எத்தனை பேர் என்பதுதான் விளம்பர விலையைத் தீர்மானிக்கும். கோயம்புத்தூர் ஹாஸ்டலில் உட்கார்ந்து நான் அழுதால் யாருக்குத் தெரியும்? அமெரிக்காவிலேயே இருந்தவர்களுக்கும் அதே கதிதான். பதிவு செய்து பிறகு பார்த்தவர்கள், இணையத்தில் பார்த்தவர்கள் அன்றைக்குச் சரியாக எண்ணப்படவில்லை.

'ஜெரிகோ' ரசிகர்கள் செய்ததை நினைத்தால் இப்போதும் மனசு நிறையும். அணுகுண்டுத் தாக்குதலுக்குப் பிறகு தனித்துப் போன கான்சஸ் மாநிலத்துச் சின்ன ஊரின் கதை அது. சிபிஎஸ் சேனல் 2007 மே மாதம் ரத்து செய்தது. முதல் சீசனின் கடைசி எபிசோடில் நாயகன் சரணடைய மறுத்துச் சொல்லும் ஒற்றைச் சொல் 'நட்ஸ்'. அதைப் பிடித்துக்கொண்டு ரசிகர்கள் சேனல் அலுவலகத்துக்கு வேர்க்கடலை அனுப்பத் தொடங்கினார்கள், மூட்டை மூட்டையாக, சுமார் 20 டன். சேனல் இறங்கி வந்தது. இன்னும் ஏழு எபிசோட் தருகிறோம், நீங்கள் ஆட்களைக் கூட்டி வாருங்கள் என்றது. 2008ல் அது வந்தது, ரேட்டிங் போதவில்லை, மறுபடியும் ரத்து.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதற்கடுத்த விஷயம். அந்த ஏழாவது எபிசோடுக்கு இரண்டு முடிவுகளை எடுத்து வைத்திருந்தார்கள். தொடர்ந்தால் ஒன்று, நின்றுவிட்டால் ஒன்று. நின்றுவிட்டதால், கதையைக் கட்டி முடிக்கும் முடிவு ஒளிபரப்பானது. அதனால் 'ஜெரிகோ'வை இன்றைக்கும் நான் தைரியமாக யாரிடமும் பார்க்கச் சொல்கிறேன். வெவ்வேறு நாடுகளில் இருந்தபடி மனதால் இணைந்த எட்டுப் பேரின் கதையான 'சென்ஸ்8'ம் அப்படித்தான். நெட்ஃபிளிக்ஸ் 2017 ஜூன் 1 அன்று ரத்து செய்தது, உலகம் முழுக்க ரசிகர்கள் எழுப்பிய குரலுக்குப் பிறகு 2018 ஜூன் மாதம் இரண்டரை மணி நேர நிறைவு எபிசோட் ஒன்றைக் கொடுத்தது. அவசர அவசரமாக ஓடும் எபிசோட்தான், குறைகள் உண்டு, ஆனால் அந்த எட்டுப் பேருக்கும் என்ன ஆனது என்று தெரிந்துகொண்டு எழுந்தோம்.

ஒரு சீரிஸை நிறுத்துவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. காசு போடுகிறவர்களுக்குக் கணக்கு உண்டு. பழைய சேனல்களுக்காவது எப்படியாவது 100 எபிசோடை நெருங்கிவிட்டால் மறு ஒளிபரப்பு உரிமையை விற்றுக் காசு பார்க்கலாம் என்ற ஆசை இருந்தது, அதனால் சுமாராக ஓடியதையும் சில சமயம் இழுத்துப் பிடித்தார்கள். ஸ்ட்ரீமிங்கில் அந்தத் தூண்டுதல் கிடையாது. சீசனுக்குச் சீசன் சம்பளமும் செலவும் ஏறும், ஆனால் மூன்றாவது சீசனைப் பார்க்கவென்று புதிதாகச் சந்தா கட்டி வருகிறவர்கள் குறைவு. வெளியான முதல் சில வாரங்களில் எத்தனை பேர் பார்த்தார்கள், தொடங்கியவர்களில் எத்தனை பேர் கடைசி எபிசோட் வரை போனார்கள் என்பதைப் பார்த்து முடிவு செய்துவிடுகிறார்கள். வெற்றி பெற்ற எந்தத் தொடரையும் நாங்கள் ரத்து செய்ததில்லை என்று நெட்ஃபிளிக்ஸின் தலைமை நிர்வாகிகளில் ஒருவரான டெட் சரண்டோஸ் 2023ல் சொன்னார். சிறிய கூட்டத்துக்குப் பெரிய செலவில் எடுத்தவைதான் நின்றன என்பது அவர் வாதம். இருக்கட்டும். ஆனால் எட்டு எபிசோடுக்குக் கொட்டிய காசோடு ஒன்பதாவதாக ஒன்றை எடுத்துக் கதையை முடித்துவைத்தால், அந்தச் சிறிய கூட்டம் அடுத்த புதுத் தொடருக்கு நம்பி வரும். அதைக் கணக்கில் எங்கே எழுதுகிறார்கள்?

'1899'க்கு அப்புறம் நான் அப்படி நம்பி வரவில்லை. கிட்டத்தட்ட ஒன்றரை வருஷம், முடிந்த சீரிஸை மட்டும்தான் பார்ப்பது என்று வைத்திருந்தேன். யாராவது புதிதாக ஒன்றைச் சொன்னால், "முடிஞ்சதா? முடிவு இருக்கா?" என்பதே என் முதல் கேள்வி. நான் சந்தா கட்டும் ஒரு தளத்தில், பிறகு பார்க்கலாம் என்று பட்டியலில் போட்டு வைத்திருந்த சீரிஸ்கள் முப்பதைத் தாண்டின. அதில் நாலைந்து நான் தொடங்குவதற்கு முன்பே ரத்தாகிவிட்டன. ஒன்று தளத்திலிருந்தே காணாமல் போனது, டிஸ்க்காக வாங்கவும் வழியில்லை. பெயரைத் தட்டிப் பார்த்தால் வேறு எதையோ காட்டுகிறது.

அப்போதுதான் உறைத்தது. ஹாஸ்டலில் இருந்தபோது என் பார்வைக்கு மதிப்பில்லை. இப்போது நான் ஒரு எபிசோடைப் பாதியில் மூடினால்கூட அது எங்கோ பதிவாகிறது. முதல் மாதத்தில் எட்டிப் பார்க்காமல் 'முடியட்டும்' என்று என்னைப் போல லட்சம் பேர் காத்திருந்தால், அந்தச் சீரிஸ் முடியாமலேயே நின்றுவிடும். நிறுத்துவார்கள் என்று பயந்து நாங்கள் பார்க்கவில்லை, நாங்கள் பார்க்கவில்லை என்று அவர்கள் நிறுத்துகிறார்கள். இந்தச் சுழலைத் தொடங்கி வைத்தது ரசிகர்கள் இல்லை, ஆனால் அதில் என் பங்கும் இருக்கிறது என்பது எனக்குப் பிடிக்கவில்லை.

அதனால் இப்போது மனதுக்குப் பிடித்த மாதிரி ஒன்று வந்தால் முதல் இரண்டு வாரத்துக்குள் உட்கார்ந்து முழுதாகப் பார்த்துவிடுகிறேன். தங்கைக்கும் சொல்லிவிட்டேன். அன்றைக்கு அவள் கேட்ட கேள்விக்கு இரண்டு நாள் கழித்து, "பாரு, கடைசி வரைக்கும் பாரு, அந்த எட்டாவது எபிசோட் அவ்வளவு நல்லா இருக்கும்" என்று பதில் அனுப்பினேன். பார்த்துவிட்டு இரவு பதினொன்றரைக்குப் போன் செய்து அரை மணி நேரம் திட்டினாள், பிறகு ஒரு மணி நேரம் அடுத்த சீசன் எப்படிப் போயிருக்கும் என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தோம்.

'ஃபயர்ஃபிளை' இதுவரை பார்க்காதவர்களுக்கு ஒன்று. ஒளிபரப்பான வரிசையில் பார்க்காதீர்கள். டிவிடியில் இருக்கும் வரிசையில், 'செரினிட்டி' என்ற அந்த இரண்டு மணி நேர எபிசோடிலிருந்து தொடங்குங்கள். 14ஐயும் முடித்துவிட்டு அதே பெயரில் வந்த 2005 படத்தைப் பாருங்கள். படத்தை முதலில் பார்த்துவிட வேண்டாம்.